கைப்பிடியைத் தொட்டா சுர்ருங்குது, என்ன பண்றது?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கேம்பர் டிரெய்லர், கேரவன் (வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய் படுத்துத் தங்குறது) பத்தினதாவே இருந்துச்சு. சிங்கப்பூர் ரோட்ல அதைப் பாக்குறதே அபூர்வம், ஆனா பெர்த்ல அண்ணன், அக்கா, மச்சான்னு சொந்தம் இருக்குறவங்க நம்மள்ல நெறைய பேரு, அஞ்சு மணி நேரத்துல போய் எறங்கி அவங்க டிரெய்லரை வண்டியில மாட்டிக்கிட்டு கெளம்பிடுறாங்க, இன்னும் சில பேரு கோஸ்வே தாண்டி ஜொகூர்ல வாடகைக்கு எடுக்குறாங்க. அதனால இந்த தடவை எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். மொதக் கேள்விய இதழ் வர்ற வரைக்கும் கையில வச்சிருக்க மனசு வரல, அன்னிக்கு ராத்திரியே அந்த வாசகிக்கு போன் பண்ணிட்டேன். அவங்க சம்மதத்தோட, பேசினதையும் சேர்த்து இங்க போடுறேன்.

கேள்வி: அண்ணே வணக்கம். ஸ்கூல் லீவுக்கு பிள்ளைங்களோட பெர்த்ல தம்பி வீட்டுக்கு வந்திருக்கோம். தம்பி பழைய கேம்பர் டிரெய்லர் ஒண்ணு வாங்கி வீட்டு வாசல் புல்தரையில நிறுத்தி கரண்ட் கொடுத்து வச்சிருக்கான், பிள்ளைங்க ராத்திரி அதுலதான் படுக்குறாங்க. காலையில சின்னவன் செருப்பில்லாம ஏறும்போது கைப்பிடியைத் தொட்டதும் சுர்ருன்னுச்சுன்னு சொன்னான், நான் தொட்டுப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. தம்பியும் ஒண்ணும் இல்லக்கா, ஸ்டாட்டிக்கா இருக்கும்னு சொல்றான். வித்தவரு, முன்னாடி அடிக்கடி டிரிப் ஆகிட்டு இருந்துச்சு, நானே சரி பண்ணிட்டேன்னு சொன்னாராம். பயப்படணுமா?
(வாசகி, ஈசூன்)

பதில்: ஆமா தங்கச்சி, பயப்படணும். போன்ல நான் மொதல்ல சொன்னது இதுதான்: டிரெய்லர்ல இருக்குற சுவிட்சைத் தேடாதீங்க, வீட்டுச் சுவர்ல பிளக் எங்க மாட்டியிருக்கோ அங்க போய் சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கையே உருவுங்க, உள்ள யாராவது இருந்தா அதைப் பண்ணி முடிக்கிற வரைக்கும் உள்ளயே இருக்கச் சொல்லுங்க. ஏன்னா உள்ள இருக்குறப்ப கையும் காலும் ஒரே பொட்டிக்குள்ளதான் இருக்கு, ஆபத்து வர்றது ஏறி எறங்குற அந்த ஒரு நொடியில, ஒரு கை கைப்பிடியிலயும் ஒரு கால் ஈரப் புல்லுலயும் இருக்குறப்பதான்.

பையனுக்கு சுர்ருன்னுச்சு, உங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னா பையன் பொய் சொல்லல. நீங்க செருப்பு போட்டிருந்தீங்க, அவன் வெறுங்கால். ஒடம்பு வழியா எவ்வளவு கரண்ட் போகும்ங்கிறதை முடிவு பண்றது கால்ல என்ன போட்டிருக்கோம், தரை எவ்வளவு ஈரம், கை வேர்த்திருக்கா, இதெல்லாம்தான். அதனால லேசாத்தான் இருந்துச்சுங்கிறதை வச்சு ஆபத்தை அளக்கவே முடியாது. ஒரு மில்லி ஆம்பியர் அளவுல நமக்கு சுர்ருன்னு தெரிய ஆரம்பிக்கும், பத்து பக்கம் போச்சுன்னா பிடிச்ச கையை விட முடியாம தசை இறுகிக்கும், முப்பதுக்கு மேல போய் கொஞ்ச நேரம் நின்னுச்சுன்னா மூச்சும் இதயத் துடிப்பும் குழம்பிப்போகும். சுர்ருக்கும் உயிர் போறதுக்கும் நடுவுல இருக்குறது ஒரு காலை மழையோ ஒரு வாளித் தண்ணியோதான்.

ஸ்டாட்டிக்னா ஒரு தடவை பட்டுன்னு அடிச்சுட்டுப் போயிடும். தொடத் தொட சுர்ருன்னு அதிருற மாதிரி இருந்தா அது மெயின்ஸ் கரண்ட், வேற எதுவும் இல்ல.

இது ஏன் டிரெய்லர்ல அதிகமா வருதுன்னா, அது ரப்பர் டயர் மேல நிக்கிற ஒரு இரும்புப் பொட்டி. வீட்டு ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ கசிஞ்சா பிளக்கோட எர்த் வழியா கரண்ட் ஓடிடும், டிபி பாக்ஸ்ல, அதாவது வீட்டு மெயின் சுவிட்ச் பொட்டியில, கசிவைக் கண்டா கரண்டை வெட்டுற ஆர்சிசிபி சுவிட்ச் விழும். (ஆஸ்திரேலியாவுல இதையே ஆர்சிடி, இல்ல சேஃப்டி ஸ்விட்ச்னு சொல்வாங்க.) டிரெய்லருக்கு தரையோட இருக்குற ஒரே உறவு அந்த பவர் வயருக்குள்ள போற எர்த் கம்பிதான். அது எங்கயாவது அறுந்துச்சுன்னா, உள்ள கசியுற கரண்ட் எல்லாம் பாடி முழுக்க ஏறி யாராவது வந்து தொடுறதுக்கு காத்துக்கிட்டு நிக்கும். கசிவே இல்லாத நல்ல சாமான்கள் மட்டும் இருந்தாக்கூட, சார்ஜர், எல்இடி டிரைவர் இதுக்குள்ள இருக்குற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா துளித்துளியா எர்த்துக்கு கரண்ட் போறது சகஜம், எர்த் இல்லன்னா பாடி பாதி வோல்டேஜ்ல, அதாவது 115 வோல்ட் பக்கத்துல மிதக்கும், அதுல சுர்ருன்னு மட்டும் இருக்கும். அதே இடத்துல ஹீட்டர் காயில் உடைஞ்சு பாடியைத் தொட்டிருந்தா முழு 230 வோல்ட். வெளியில இருந்து தொட்டுப் பாக்குறவனுக்கு இது எதுன்னு சொல்லவே முடியாது, அதனால தொட்டுப் பாக்குற வேலையை யாரும் மறுபடி பண்ணாதீங்க.

அந்த வித்தவரு சொன்னது இருக்கே, டிரிப் ஆகிட்டு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு, அதைப் படிச்ச ஒடனேதான் நான் போனை எடுத்தேன். கசிவு இருந்து எர்த்தும் இருந்தா ஆர்சிடி விழுந்துக்கிட்டே இருக்கும். கசிவு எங்கன்னு தேடுறதுக்கு பொறுமை இல்லாம எர்த் கம்பியைக் கழட்டிட்டா விழுறது நின்னுடும். கசியுற கரண்ட் திரும்பிப் போக வழி இல்ல, போற கரண்டும் வர்ற கரண்டும் சமமா இருக்குன்னு ஆர்சிடி நெனச்சுக்கும். அப்புறம் அது விழணும்னா ஒரு மனுஷ ஒடம்பு வழியா 30 மில்லி ஆம்பியர் தரைக்குப் போகணும். அதையும் பாத்துட்டு அது விழுந்தா நல்லது, பழசாகி ஒட்டிப்போயிருந்தா?

தம்பிகிட்ட மல்டிமீட்டர் இருந்துச்சு. பிளக் ரெண்டு பக்கமும் உருவி, அதாவது எந்தக் கரண்டும் எங்கயும் இல்லாத நெலமையில, சில விஷயம் மட்டும் பாக்கச் சொன்னேன். மொதல்ல வயரை மட்டும் எடுத்து ஒரு முனை எர்த் பின்னுல இருந்து மறு முனை எர்த் ஓட்டை வரைக்கும் ஓம்ஸ் பாத்தான், 0.3 வந்துச்சு, வயர் நல்லாத்தான் இருக்கு. அடுத்து டிரெய்லர் பக்கத்துல பிளக் மாட்டுற இன்லெட்டோட எர்த் பின்னுல ஒரு முள்ளு, சேஸில பெயிண்ட் சொரண்டின எடத்துல ஒரு முள்ளு வச்சான். ஒரு ஓமுக்குள்ள வரணும். மீட்டர் ஓபன் காட்டுச்சு. எர்த் இல்லவே இல்ல.

அதுக்கு மேல அவனை ஒண்ணும் தொட வேணாம்னு சொன்னேன், ஆஸ்திரேலியாவுல 230 வோல்ட் வேலைய லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் பண்ணணும், நம்ம ஊர்ல இஎம்ஏ (எரிசக்திச் சந்தை ஆணையம்) லைசென்ஸ் மாதிரிதான். மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து இன்லெட்டைக் கழட்டினப்ப பச்சை மஞ்சள் கம்பி வெட்டப்பட்டு டேப் சுத்தி உள்ள மடிச்சு வச்சிருந்துச்சாம். அதை மாட்டினதும் ஆர்சிடி பட்டுன்னு விழுந்துச்சு, தம்பி அய்யோ கெட்டுப்போச்சேன்னாராம். கெட்டுப்போகல, இப்பதான் வேலை செய்யுது. அப்புறம் மெகர் (கசிவு இருக்கான்னு சோதிக்கிற மீட்டர்) வச்சு ஒவ்வொண்ணா பாத்து, ஃபிரிட்ஜோட 230 வோல்ட் ஹீட்டிங் எலிமெண்ட்தான் கசியுதுன்னு கண்டுபிடிச்சு மாத்தியிருக்காங்க. பிள்ளைங்க அந்த ரெண்டு ராத்திரியும் வீட்டுக்குள்ளயே படுத்தாங்கன்னு கேட்டப்பதான் எனக்கு மனசு ஆறுச்சு.

இன்னொண்ணு, இது எல்லாருக்கும். ஆர்சிடியில இருக்குற டெஸ்ட் பட்டனை அமுக்கினா விழுது, அதனால எல்லாம் சரின்னு நெறைய பேரு எழுதுறீங்க. அந்த பட்டன் ஆர்சிடிக்குள்ளயே ஒரு சின்ன கசிவை உண்டாக்கிப் பாக்குது, அவ்வளவுதான். எர்த் கம்பி இருக்கா இல்லயான்னு அதுக்குத் தெரியாது. இந்த டிரெய்லர்லயும் பட்டன் அமுக்கினா ஜோரா விழுந்துச்சு.

டிரெய்லர் பிளக்கை உருவின பிறகும் வீட்டுத் தோட்டக் குழாயிலயோ ஷவர்லயோ சுர்ருன்னா அது டிரெய்லர் பிரச்சினையே இல்ல. அங்க வீட்டுக்கு வர்ற நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போற கம்பி) எர்த்தையும் மெயின் போர்டுல ஒண்ணா கட்டியிருப்பாங்க, தெருவுல இருந்து வர்ற நியூட்ரல் அறுந்தா வீட்டுக் குழாய் எல்லாம் உயிர் பிடிச்சுக்கும், வீட்டு ஆர்சிடியால அதைத் தடுக்க முடியாது. 2018-ல பெர்த்ல தோட்டக் குழாயைத் தொட்ட ஒரு சின்னப் பொண்ணுக்கு மூளை ரொம்ப மோசமா பாதிக்கப்பட்டது இப்படி ஒரு கோளாறாலதான். குழாய்ல சுர்ருன்னா எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, நெட்வொர்க் கம்பெனியோட எமர்ஜென்சி நம்பருக்கு ஒடனே அடிக்கணும், காலையில பாத்துக்கலாம்னு விடக்கூடாது.

கேள்வி: மச்சான் கேரவன்ல மழை பேஞ்ச மறுநாள் காலையில மட்டும் ஆர்சிடி விழுது, மத்தியானம் வெயில் வந்ததும் சரியாகிடுது. தானா சரியாகுறதுனால விட்டுடலாமா?
(வாசகர், செங்காங்)

பதில்: தானா சரியாகல தம்பி, காயுது. மறுபடி நனையும். எங்கயோ தண்ணி எறங்குது, பெரும்பாலும் இன்லெட் மூடியோட ரப்பர் போயிருக்கும், இல்ல வெளியில இருக்குற பிளக் பாயிண்டு, இல்ல கூரையில ஏசி போட்ட எடத்து சீலண்ட் வெடிச்சிருக்கும். ரொம்ப நாள் ஓட்டாம வச்சிருந்த கேரவன்னா ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எலிமெண்டையும் சந்தேகப்படுங்க, அந்தக் குழாய்க்குள்ள இருக்குற வெள்ளைப் பொடி காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அப்புறம் கசியும்.

தேடுற விதம் சொல்றேன். உள்ள இருக்குற எல்லாத்தையும் சுவிட்ச் ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, பிளக்கை உருவணும், ஏன்னா நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல கசிவு இருந்தாக்கூட ஆர்சிடி விழும், ஒத்தைக் கம்பியை மட்டும் வெட்டுற சுவிட்ச் நியூட்ரலைத் தொடாது. எல்லாம் உருவினதுக்கப்புறம் ஆர்சிடி நிக்குதான்னு பாத்து, ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டே வந்தா எதை மாட்டும்போது விழுதோ அதுதான் ஆளு. எல்லாத்தையும் உருவியும் விழுதுன்னா கோளாறு வயரிங்ல, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. சில சமயம் எந்த ஒண்ணும் தனியா விழ வைக்காது, நாலும் சேர்ந்தா விழும், நாலுலயும் கொஞ்சம் கொஞ்சம் கசிஞ்சு கூட்டுத்தொகை 30 மில்லி ஆம்பியர் பக்கம் போயிடும், அது உடைஞ்ச சாமான் இல்ல, ஆனாலும் பழசு எதுன்னு பாத்து மாத்தணும்.

மழை பெய்யுற அன்னிக்கு விழுந்ததை மேல தூக்கி டேப் ஒட்டி வச்ச ஆட்களை நான் பாத்திருக்கேன். நல்ல ஆர்சிடி கைப்பிடியைப் பிடிச்சிருந்தாலும் உள்ள விழுந்துடும், அதுல டேப் ஒட்டணும்னு தோணுறதே, இந்தத் தொந்தரவை நிறுத்தணும்ங்கிற எண்ணம் வந்ததுக்கு அடையாளம். அடுத்து அவங்க கை எர்த் கம்பிக்குப் போகும். தயவு செஞ்சு வேணாம்.

கேள்வி: மகன் பெர்த்ல படிக்கிறான், கூட்டாளிங்களோட சேர்ந்து சின்ன டிரெய்லர் ஒண்ணு தயார் பண்றாங்க, 12 வோல்ட் பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் அவங்களே மாட்டினாங்க. ஃபிரிட்ஜுக்குப் போற ஃபியூஸ் அடிக்கடி போச்சாம், நீல ஃபியூஸை எடுத்துட்டு பச்சை போட்டதும் போறது நின்னுடுச்சு, ஆனா இப்ப அலமாரிக்குள்ள பிளாஸ்டிக் கருகுற வாடை வருதாம். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே, அப்புறம் என்ன ஆபத்து?
(வாசகர், சோவா சூ காங்)

பதில்: ஐயா, இன்னிக்கே மகனுக்கு போன் பண்ணி பேட்டரி மைனஸ் கம்பியைக் கழட்டச் சொல்லுங்க, கழட்டும்போது கையில மோதிரம், காப்பு, இரும்பு வாட்ச் இருக்கக்கூடாது. கழட்டின பிறகு இந்தப் பதிலைப் படிச்சுக் காட்டுங்க.

12 வோல்ட்ல ஷாக் அடிக்காதுங்கிறது உண்மை. ஆனா 12 வோல்ட்ல வண்டி எரியும். ஒரே வேலைக்கு வோல்டேஜ் கொறஞ்சா ஆம்பியர் ஏறும், 120 வாட் சாமான் 230 வோல்ட்ல அரை ஆம்பியர்தான் இழுக்கும், அதுவே 12 வோல்ட்ல 10 ஆம்பியர். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுசா ஓடினா பேட்டரியில இருந்து 170 ஆம்பியருக்கு மேல போகும், நம்ம புளோக்ல ஒரு வீட்டுக்கு வர்ற மெயின் ஸ்விட்சே பல எடத்துல 40 ஆம்பியர்தான், அதை நெனச்சுப் பாருங்க. சூடு ஆம்பியரோட சதுரக் கணக்குல ஏறும். வயர் முனையில ஒழுங்கா அமுக்காத ஒரு லக், துருப்பிடிச்ச ஒரு ஜாயிண்ட், அதுல 0.1 ஓம் தடை இருந்தாப் போதும், 10 ஆம்பியர்ல 10 வாட் சூடு, 20 ஆம்பியர்ல 40 வாட். 40 வாட்ங்கிறது ஈயம் உருக்குற சோல்டரிங் அயர்ன். அது மரப்பலகைக்கும் துணிக்கும் நடுவுல, மூடின அலமாரிக்குள்ள உக்காந்திருக்கு.

நீல ஃபியூஸ் 15 ஆம்பியர், பச்சை 30. ஃபியூஸ் ஃபிரிட்ஜைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த. அந்த வயர் எவ்வளவு தாங்குமோ அதுக்கு ஏத்த ஃபியூஸ் போடணும், ஃபியூஸ் போறது நின்னுச்சுன்னா இப்ப வயரே ஃபியூஸ் வேலை பாக்குதுன்னு அர்த்தம். கருகுற வாடை அதுதான். 15 ஏன் போச்சுன்னு தேடியிருக்கணும்: ஒண்ணு வயர் எங்கயோ தகரத்துல தேஞ்சு லேசா ஷார்ட் ஆகுது, இல்லன்னா ஒரே ஃபியூஸ்ல ஃபிரிட்ஜ், பம்ப், லைட் எல்லாம் கோத்திருக்காங்க, இல்ல ஃபியூஸ் ஹோல்டரோட பிடிப்பே தளர்ந்து அங்கயே சூடாகி ஃபியூஸ் உருகுது. கடைசியா சொன்னதை நான் நெறையப் பாத்திருக்கேன், ஃபியூஸ் கால் ரெண்டும் பழுப்பாகி ஹோல்டர் பிளாஸ்டிக் வளைஞ்சிருக்கும்.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், இது நம்ம ஆட்கள் தவறாம விழுற குழி. சிங்கப்பூர்ல நாம வயர் வாங்கும்போது 2.5, 4, 6 ஸ்கொயர் எம்எம்னு கேக்குறோம், அது உள்ள இருக்குற செம்போட பரப்பளவு. ஆஸ்திரேலியாவுல வண்டிக்கடையில 6 எம்எம் ஆட்டோ கேபிள்னு விக்கிறது வயரோட மேல் தோலையும் சேர்த்த குறுக்களவு, உள்ள செம்பு 4.6 ஸ்கொயர் எம்எம் அளவுலதான் இருக்கும். 4 எம்எம்னு விக்கிறதுல ரெண்டு ஸ்கொயர் எம்எம்கூட இருக்காது. மகன் இணையத்துல பாத்த டேபிள்ல 6ன்னு போட்டிருக்க, கடையில 6 எம்எம்னு வாங்கி மாட்டியிருந்தா கணக்கு அங்கயே தப்பிடுச்சு. உறையில அச்சடிச்சிருக்குற ஸ்கொயர் எம்எம்மைப் பாத்து வாங்கச் சொல்லுங்க.

பேட்டரி பிளஸ்ல இருந்து கெளம்புற ஒவ்வொரு வயருக்கும் பேட்டரி பக்கத்துலயே, ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். டிரெய்லர் மறுமுனையில ஃபியூஸ் போட்டா நடுவுல இருக்குற மூணு மீட்டர் வயருக்கு காவலே இல்ல. தகரத்தை ஓட்டை போட்டு வயர் நுழைச்ச எடத்துலயெல்லாம் ரப்பர் குரோமெட் போடணும், ரோட்ல குலுங்கிக் குலுங்கி தகரம் தோலை அறுத்துடும். லித்தியம் பேட்டரின்னா அதுக்குன்னு உள்ள சார்ஜர்தான், வண்டி ஆல்டர்னேட்டர்ல இருந்து நேரா கம்பி இழுக்காம நடுவுல டிசி டிசி சார்ஜர் வைக்கணும். பழைய ஈய பேட்டரின்னா சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டா வெடிக்கும், அதனால மூடின பெட்டியில படுக்கைக்குக் கீழ வைக்கக்கூடாது.

இன்வெர்ட்டரைப் பத்தி ஒண்ணு மட்டும். அதுல இருந்து வர்றது 12 வோல்ட் இல்ல, 230. சுவர்ல வர்ற கரண்ட் எப்படி ஆளைக் கொல்லுமோ அதுவும் கொல்லும். இன்வெர்ட்டர் கரண்டை டிரெய்லர் பாயிண்டுகளுக்குக் கொண்டுபோக ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச வயர் ஒண்ணு செஞ்சு மாட்டுறதா சில பசங்க காணொளி போடுறாங்க. ஒரு முனை கழண்டு விழுந்தா கையில இருக்குறது உயிரோட இருக்குற பித்தளைப் பின்னு. உங்க மகன்கிட்ட அப்படி ஒரு வயர் இருக்கான்னு கேளுங்க, இருந்தா வெட்டிப் போடச் சொல்லுங்க.

கேள்வி: நாங்க போகும்போது சிங்கப்பூர்ல இருந்து ரைஸ் குக்கரும் எக்ஸ்டென்ஷனும் எடுத்துட்டுப் போறோம், அடாப்டர் போட்டு டிரெய்லர்ல மாட்டிக்கிறோம். சரிதானே?
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: அக்கா, கரண்ட் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், குக்கர் வேலை செய்யும். எனக்குக் கவலை அந்த அடாப்டர்தான். உலகம் பூரா ஒரே அடாப்டர்னு விக்கிறதுல பலதுல எர்த் தொடர்பே கெடையாது, மூணாவது பின்னு வெறும் பிளாஸ்டிக்கா இருக்கும், இல்ல உள்ள எதோடயும் சேராது. போன் சார்ஜருக்கு அது போதும். இரும்பு பாடி ரைஸ் குக்கருக்கு, இட்லி வேகுற ஆவியில நனைஞ்சு நிக்கிற சாமானுக்கு அது போதாது. அதுக்கு மேல எக்ஸ்டென்ஷன் வேற மாட்டினா அதுல மாட்டுற நாலு சாமானும் எர்த் இல்லாம ஓடும். அங்க போய் மூணு பின் ஆஸ்திரேலிய பிளக் வச்ச குக்கரும் எக்ஸ்டென்ஷனும் வாங்கிக்குங்க, அங்க சொந்தக்காரங்க வீட்லயே வச்சுட்டு வந்தா அடுத்த தடவைக்கும் ஆச்சு.

இதோட சேர்த்து, கேரவன் வயரோட பிளக் 15 ஆம்பியர், எர்த் பின்னு அகலமா இருக்கும், சாதா வீட்டு 10 ஆம்பியர் பாயிண்டுல நுழையாது, நுழையக் கூடாதுன்னுதான் அப்படி செஞ்சிருக்காங்க. அரம் வச்சு அந்தப் பின்னைத் தேச்சு நுழைக்கிற பழக்கம் உண்டு. உங்க மாமா யாராவது தேச்சு வச்சிருந்தா அந்த வயரைத் தொடாதீங்க. 2,300 வாட்டுக்கு செஞ்ச பாயிண்டுல 3,450 வாட் இழுத்தா பாயிண்டு உள்ள கருகும். உருளையில சுத்தின எக்ஸ்டென்ஷன்னா முழுசா அவுத்து விடுங்க, சுத்தினபடியே குக்கரும் கெட்டிலும் ஓட்டினா நடுச்சுத்து உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

கேள்வி: ஜொகூர்ல கடற்கரைப் பக்கம் கேம்பர் வாடகைக்கு எடுத்தோம், கூடவே சின்ன ஜெனரேட்டர் கொடுத்தாங்க. மழை வந்ததும் முன்னாடி போட்ட கூடாரத்துக்குக் கீழ இழுத்து வச்சு ஓட்டினோம், ராத்திரி எல்லாருக்கும் தலைவலி. கரண்ட்ல ஏதாவது பிரச்சினையா?
(வாசகர், ஊட்லண்ட்ஸ்)

பதில்: அது கரண்ட் இல்ல தம்பி, புகை. கார்பன் மோனாக்சைடு. வாடை கெடையாது, நெறம் கெடையாது, தலைவலி, வாந்தி, தூக்கம் வரும், அந்தத் தூக்கத்துல இருந்து எழுந்திருக்க முடியாது. நீங்க எல்லாரும் எழுந்து உக்காந்து எனக்கு எழுதுறீங்கன்னு நெனச்சு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். ஜெனரேட்டர் கேம்பரை விட்டு நல்லா தள்ளி, புகை உங்க பக்கம் வராம, காத்து கேம்பரைத் தாண்டிப் போற பக்கம் வைக்கணும், மழைன்னா நிறுத்திடணும். படுக்குற எடத்துல பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வச்சுக்குங்க.

கரண்ட் பக்கமும் ஒண்ணு இருக்கு. அந்த சின்ன ஜெனரேட்டர்ல பலதுல நியூட்ரல் எதோடயும் கட்டப்பட்டிருக்காது, மிதந்துக்கிட்டு இருக்கும். அதுல கேம்பரோட ஆர்சிடி நீங்க எதிர்பாக்குற மாதிரி விழும்னு நம்ப முடியாது. மொதக் கோளாறு சத்தமில்லாம இருக்கும், ரெண்டாவது கோளாறுலதான் அடிக்கும். வாடகைக்குக் குடுக்குறவங்ககிட்ட இதைக் கேட்டு, தெளிவா பதில் வரலன்னா ஜெனரேட்டரை பேட்டரி சார்ஜ் பண்ண மட்டும் வச்சுக்குங்க.

கேள்வி: சிம் லிம் டவர்ல டெஸ்ட் பென் வாங்கினேன், வயர் பக்கத்துல கொண்டுபோனா கத்தும். இது போதுமா?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: கத்துச்சுன்னா நம்புங்க, கத்தலன்னா நம்பாதீங்க. பேட்டரி வீக்கா இருந்தாலோ, வயர் இரும்பு உறைக்குள்ள இருந்தாலோ உயிரோட இருக்குற வயர்லயே அது சும்மா இருக்கும். 12 வோல்ட்ல அது எதுக்கும் உதவாது. அதே கடை வரிசையில ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்க, கேட் 3ன்னு (CAT III, மீட்டரோட பாதுகாப்புத் தரம்) போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஆனா கரண்ட் இருக்குறப்ப முள்ளை உள்ள விடுற வேலை உங்களுக்கு வேணாம், எல்லாம் உருவின பிறகு ஓம்ஸ் பாக்குறதுக்கு மட்டும்.

கேள்வி: யாருக்காவது அடிச்சு ஒட்டிக்கிட்டா என்ன செய்யணும்? இதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.
(வாசகி, பொங்கோல்)

பதில்: ஆளைப் பிடிச்சு இழுக்கக்கூடாது தங்கச்சி, அம்மாவா இருந்தாலும் கூடாது, நீங்களும் ஒட்டிக்குவீங்க. வீட்டுச் சுவர்ல, இல்ல கேம்ப் கம்பத்துல இருக்குற பிளக்கை உருவுறதுதான் மொத வேலை, அதனால டிரெய்லர் நிறுத்தின ஒடனே பிளக் எங்க இருக்குன்னு கூட வர்ற எல்லாருக்கும், பிள்ளைங்களுக்கும் காட்டி வைங்க. கரண்ட் போனது உறுதியான பிறகு மூச்சு இருக்கான்னு பாத்து, இல்லன்னா நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுக்கிட்டே ஆம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லுங்க, ஆஸ்திரேலியாவுல 000, மலேசியாவுல 999, இங்க 995. ஆள் எழுந்து நல்லா பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இசிஜி எடுங்க. நான் இளவட்டமா வேலை பாத்த ஒரு சைட்ல கூட வேலை செஞ்ச அண்ணனுக்கு டிரில் மெஷின்ல அடிச்சுச்சு, அவரு டீ குடிச்சுட்டு வேலைக்கு எறங்கிட்டாரு, சாயங்காலம் லாரியில ஏறும்போது மயங்கி விழுந்தாரு. பொழைச்சுட்டாரு. காலையிலயே கூட்டிட்டுப் போயிருக்கணும்னு எனக்கு இன்னும் தோணும், அந்த மெஷின் ரெண்டு நாளா சுர்ருன்னுக்கிட்டு இருந்தது எங்க எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: நீங்க டிரெய்லர் பத்தியே பேசுறீங்க. எங்க வீடு தோ பாயோல பழைய புளோக், எங்க டிபி பாக்ஸ்ல ஆர்சிசிபி இருக்கா இல்லயான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?
(வாசகி, தோ பாயோ)

பதில்: டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கம்மா, மத்த சுவிட்சை விட அகலமா, ஆங்கில T எழுத்து போட்ட சின்ன பட்டனோட, மேல 0.03 ஆம்பியர்னு அச்சடிச்ச சுவிட்ச் ஒண்ணு இருந்தா அதுதான். வெறும் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா மட்டும் விழுற சின்ன சுவிட்ச்) வரிசை மட்டும் இருந்தா ஆர்சிசிபி இல்ல. 2023 ஜூலை 1-ல இருந்து எல்லா வீட்டுக்கும் அது கட்டாயம்னு ஆக்கி, இல்லாத பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரைக்கும்தான் டைம் கொடுத்தாங்க, அதனால இல்லன்னா இந்த வாரமே லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டுங்க. இருந்தா மாசம் ஒரு தடவை அந்த பட்டனை அமுக்கிப் பாருங்க, கம்ப்யூட்டர்ல யாராவது வேலை பாத்துக்கிட்டு இருந்தா சொல்லிட்டு அமுக்குங்க. விழலன்னா மாத்தணும். சந்தேகமா இருந்தா டிபி பாக்ஸை ஒரு போட்டோ எடுத்து அடுத்த கடிதத்தோட அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.